தேடிப்போன அச்சமும் தேடிவந்த அச்சமும்

வன்னியில் மலை கிடையாது. வவுனியா நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய நூறு மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் போகப் போக நிலம் கடலை நோக்கித் தாழ்ந்துகொண்டே போகும். எங்கள் பிள்ளைகள் அறிந்த உயரம் குளக்கட்டுத்தான். ஆனால் விடுமுறை வந்துவிட்டால் எங்கள் இளைஞர்கள் இங்கில்லாத மலையைத் தேடி மோட்டார் சைக்கிள்களில் புறப்பட்டுவிடுகிறார்கள். ஏ-9 வீதியால் தம்புள்ளை, மாத்தளை, கண்டி. அங்கிருந்து கம்பளை, புசல்லாவை, றம்பொடை வழியாக நுவரெலியா. சிலர் அத்தோடு நிற்பதில்லை. வெலிமடை, அப்புத்தளை, பெரகலை என்று வளைந்து இறங்கி வெல்லவாய வரை போய் வருகிறார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது அவர்கள் தெரிவுசெய்யும் காலம். மே தொடக்கம் செப்டெம்பர் வரை எங்கள் பக்கத்தில் சோளகம் புழுதியை வாரி இறைக்கும். அதே மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவுகளில் மழையாகக் கொட்டிக்கொண்டிருக்கும். வீதியை மூடுபனி விழுங்கும், மண் கரையும், மரம் முறியும். அந்த நாட்களைத்தான் பலர் விரும்புகிறார்கள். வெயிலில் மலையைப் பார்ப்பதில் என்ன இருக்கிறது என்று கேட்கிறார்கள்.

ஊர்ப் பெரியவர்களுக்கு இது விளங்குவதில்லை. "உயிரைக் கையில பிடிச்சுக்கொண்டு ஓடின சனம் நாங்கள். இதுகள் உயிரைக் கொண்டுபோய் மலையில வைச்சு விளையாடுதுகள்" என்பது நான் அடிக்கடி கேட்கும் வார்த்தை. இதனைக் கிழவர்களின் புலம்பல் என்று தள்ளிவிட முடியாது. இதற்குள் ஓர் அறக்கேள்வி இருக்கிறது. வேறு தேவை எதுவுமின்றி, தன் விருப்பத்தின் பேரில் மட்டும் ஒருவன் ஆபத்தை நாடிப் போகலாமா? போகலாம் என்றால் அந்தப் பயணத்தின் நன்மை தீமையை எந்த அளவுகோலால் அளப்பது?

மார்க்கம் படித்தவர்கள் உடனே ஒரு பதிலைச் சொல்வார்கள். உயிர் இறைவன் ஒப்படைத்த அமானிதம், அதை நம் கையாலேயே அழிவுக்குள் தள்ளலாகாது என்பார்கள். உண்மைதான். ஆயினும் அமானிதம் என்பது பெட்டிக்குள் பூட்டி வைக்க வேண்டிய பொருள் என்று எவரும் சொன்னதில்லை. முல்லைத்தீவுக் கடலில் வாடைக்காற்றிலும் வள்ளம் தள்ளுகிறவன் உயிரைப் பணயம் வைத்துத்தான் போகிறான். காட்டுக்குள் தேனெடுக்கப் போகிறவனும் அப்படியே. அவர்களை யாரும் குற்றம் சொல்வதில்லை. வயிற்றுக்காக ஆபத்தை ஏற்பது சரி, மனதுக்காக ஏற்பது பிழை என்று பிரித்துவிடலாமா? மனதுக்கும் பசி உண்டென்பதை ஓர் இலக்கிய இதழின் வாசகருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

என்னிடம் படித்த ஒரு பையன் இப்போது வவுனியாவில் வேலை பார்க்கிறான். மழை மாதங்களில் குறைந்தது இரண்டு தடவையாவது மலைக்குப் போவான். ஏனென்று கேட்டேன். "மழைக்குள்ள வளைவெடுக்கிற நேரம் மண்டைக்குள்ள வேற ஒண்டும் இருக்காது சேர். கடனும் இல்லை, வேலையும் இல்லை. நானும் ரோட்டும் மட்டும்தான்" என்றான். அவன் பொறுப்பில்லாதவன் அல்லன். மலையில் வண்டி ஓட்டுவது பற்றி அவன் சொன்னவற்றில் ஒரு விஞ்ஞான பாடமே இருந்தது.

கண்டியிலிருந்து நுவரெலியாவுக்கு எண்பது கிலோமீற்றருக்கும் குறைவான தூரம். அதற்குள் 1,868 மீற்றர் உயரத்துக்கு ஏறிவிட வேண்டும். ஆயிரம் மீற்றர் ஏறினால் ஏறத்தாழ ஆறரைப் பாகை செல்சியஸ் வெப்பம் குறையும். நனைந்த உடம்பில் காற்றும் சேர்ந்து அடிக்கும்போது விரல் விறைத்துப் போகிறது. விறைத்த விரல் பிறேக்கைப் பிடிப்பதில் ஒரு கணம் பிந்தும். மழை தொடங்கிய முதல் சில நிமிடங்களே மிகவும் வழுக்கலானவை. வீதியில் படிந்திருந்த எண்ணெயும் புழுதியும் அப்போதுதான் நீரோடு கலந்து மேலே வருகின்றன. நீண்ட இறக்கத்தில் பிறேக்கை மட்டும் நம்பினால் அது சூடேறிப் பிடி தளர்ந்துவிடும். கியரைக் குறைத்து எஞ்சினாலேயே வேகத்தை அடக்க வேண்டும். மூடுபனிக்குள் உயர் வெளிச்சம் போட்டால் பனியே வெள்ளைச் சுவராகி வெளிச்சத்தைக் கண்ணில் திருப்பி அடிக்கும். தாழ் வெளிச்சத்தில்தான் பாதை தெரியும். எல்லாவற்றுக்கும் மேலாக, கண் போகும் இடத்துக்கே வண்டியும் போகும். பள்ளத்தைப் பார்த்தவன் பள்ளத்துக்கே போவான், வளைவின் முடிவைப் பார்த்தவன் வளைவைக் கடப்பான்.

ஒட்டகத்தைக் கட்டிவைத்த பிறகுதான் தவக்குல் வைக்க வேண்டும் என்று நாம் படித்த பாடத்துக்கும் இதற்கும் வெகுதூரமில்லை. பிறேக்கைப் பார்க்காமல், ரயரைப் பார்க்காமல், தலைக்கவசத்தின் வாரைக் கட்டாமல் மலையேறுகிறவன் துணிச்சல்காரன் அல்லன். அவனைப் பற்றி இங்கு விவாதிக்க எதுவுமில்லை. கட்டவேண்டியதைக் கட்டிவிட்டு, அதற்குப் பிறகும் ஆபத்து மீதி இருக்கிறது என்று தெரிந்தே போகிறவனைப் பற்றித்தான் நமது கேள்வி.

அமெரிக்க எழுத்தாளர் ரொபேர்ட் பேர்சிக் 1968இல் தன் மகனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் மலைகளைக் கடந்து மேற்குக் கரை வரை போனார். அந்தப் பயணத்தை வைத்து அவர் எழுதிய தத்துவ நூல் 1974இல் வெளிவந்தது. காருக்குள் இருக்கிறவன் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஓடும் படத்தைப் பார்க்கிறவன், மோட்டார் சைக்கிளில் போகிறவனுக்கோ அந்தச் சட்டம் இல்லை, அவன் காட்சிக்குள்ளேயே இருக்கிறான் என்பது அதில் வரும் ஒரு கருத்து. நம் பையன் சொன்னதும் இதைத்தான். பஸ்ஸின் ஜன்னலால் பார்த்த மழை வேறு, முகத்தில் அறைந்த மழை வேறு.

இதற்கு நேர்மாறான ஒரு கருத்தை ஜேர்மானியத் தத்துவஞானி இம்மானுவேல் கான்ட் சொல்லிவைத்திருக்கிறார். தலைக்கு மேல் தொங்கும் பாறை, இடிமுழங்கும் மேகம், சூறாவளி போன்றவை மனிதனின் சிறுமையை உணர்த்துகின்றன. அதே வேளை அவனுக்குள் இருக்கும் பெருமை ஒன்றையும் எழுப்புகின்றன. ஆனால் இதற்கொரு நிபந்தனை உண்டு. பார்ப்பவன் பாதுகாப்பான இடத்தில் நிற்க வேண்டும். 1790இல் வெளிவந்த நூலில் அவர் வாதிட்டதன் சாரம் இது. அச்சத்தில் ஓடுகிறவனுக்கு அழகை ரசிக்க நேரமிருக்காது என்பது அவர் வாதம். கான்ட் தான் பிறந்த கோனிக்ஸ்பேர்க் நகரைவிட்டு அதிக தூரம் போகாதவர் என்பது ஒரு சுவையான செய்தி. மலையின் மகத்துவத்தைப் பற்றி எழுதியவர் பெருமலை எதையும் ஏறியதில்லை.

பேர்சிக் சரியா, கான்ட் சரியா? இருவரும் காட்சியைப் பார்க்கிறவனைப் பற்றியே பேசுகிறார்கள் என்பதுதான் என் குறை. சட்டத்துக்கு வெளியே நின்றாலும் உள்ளே நின்றாலும் பார்க்கிறவன் ஒருவனே அங்கு மனிதன். மீதி எல்லாம் பாறையும் மேகமும் மழையும். மலை அப்படி ஆளற்ற இடமா?

வன்னியின் வீதிகளில் நடந்த பயணங்களை எண்ணிப் பார்த்தால் இந்தக் கேள்வியின் கனம் விளங்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட கூலித் தொழிலாளர்கள் தலைமன்னாரிலும் அரிப்பிலும் கரையேறி, காட்டுப் பாதையால் மாத்தளைக்குக் கால்நடையாகவே போனார்கள். கொலராவிலும் பசியிலும் களைப்பிலும் வழிநெடுக ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். 1958லும் 1977லும் கலவரங்களுக்குப் பிறகு அவர்களின் சந்ததியில் ஒரு பகுதியினர் மலையிலிருந்து இறங்கி வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறினார்கள். 1990 ஒக்ரோபரில் வடமாகாணத்தின் முஸ்லிம்கள், எழுபதாயிரம் பேருக்கு மேல், சில நாட்களுக்குள் வெளியேற்றப்பட்டார்கள். 1995 ஒக்ரோபர் இறுதியில் யாழ்ப்பாணம் இடம்பெயர்ந்து, பெருந்தொகையானோர் கிளாலிக் கடலைக் கடந்து வன்னிக்கு வந்தார்கள். 2009இல் வன்னிச் சனம் கிழக்கே தள்ளப்பட்டுத் தள்ளப்பட்டு முள்ளிவாய்க்கால் வரை போய்ச் சேர்ந்தது. இவர்களில் எவரும் தமது பாதையையோ பருவத்தையோ தெரிவுசெய்யவில்லை.

மோட்டார் சைக்கிளுக்கும் இங்கே ஒரு வரலாறு உண்டு. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் பெற்றோல் மருந்தைப்போல அரிதாகியது. காபரேற்றருக்குள் சில துளி பெற்றோலை விட்டு உதைத்து எழுப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். நோயாளியும் அரிசி மூட்டையும் பிரசவப் பெண்ணும் அந்தக் கரும்புகைக்குள்தான் போனார்கள். யுத்தம் முடிந்தபோது முள்ளிவாய்க்காலில் மோட்டார் சைக்கிள்கள் குவியல் குவியலாகத் துருப்பிடித்துக் கிடந்தன. உடைமையில் கடைசிவரை கைவிடாமல் கொண்டுபோனது அதுவாகவே பல குடும்பங்களுக்கு இருந்தது.

இப்படிப்பட்ட மண்ணில் பிறந்தவன் ஏன் மறுபடியும் அச்சத்தைத் தேடிப் போகிறான்? என்னால் ஒன்றை ஊகிக்க முடிகிறது. 2009இல் ஐந்து வயதாயிருந்த பிள்ளையின் அச்சம் அவனுடையதல்ல. அதை வேறு யாரோ அவன் மேல் ஊற்றினார்கள். எவ்வளவு, எப்போது, எத்தனை நாள் என்பதெல்லாம் அவன் கையில் இருக்கவில்லை. இன்று அவன் மலை வளைவில் ஏற்கும் அச்சத்தின் கைப்பிடி அவன் கைக்குள்ளேயே இருக்கிறது. கூட்டலாம், குறைக்கலாம், வேண்டாமென்றால் ஒரு தேநீர்க் கடையில் நிறுத்திவிடலாம். ஒருகாலத்தில் தன்னை ஆண்ட ஒன்றைத் தான் ஆண்டு பார்க்கும் முயற்சியாக அது இருக்கக்கூடும். இதை விளையாட்டு என்று மட்டும் சொல்லிவிட எனக்கு மனமில்லை.

ஆனால் தேடிப்போன அச்சமும் தேடிவந்த அச்சமும் ஒன்றல்ல. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மழை, ஒரே வழுக்கல், ஒரே நடுக்கம். வேறுபாடு திரும்பி வரும் வழியில் இருக்கிறது. தேடிப்போன அச்சத்துக்கு ஞாயிற்றுக்கிழமை மாலை என்றொரு முடிவு உண்டு. தேடிவந்த அச்சத்துக்கு முடிவுத் திகதி கிடையாது. ஒன்றில் குறைப்பதற்குக் கியர் இருக்கிறது, மற்றதில் இல்லை. ஆகவே முதலாவதை அனுபவித்துவிட்டு, இரண்டாவதையும் அறிந்துகொண்டேன் என்று எவராவது சொன்னால் அது பொய். இந்த இரண்டுக்கும் இடையில் ஓர் உறவு இருக்க முடியும். அந்த உறவு உண்டாவதிலேயே அப்பயணத்தின் அறம் தங்கியிருக்கிறது என்பது என் துணிபு.

இதற்கு எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த முன்மாதிரி இப்னு பதூதா. 1333ஆம் ஆண்டளவில் அவர் பனி மூடிய இந்துக்குஷ் மலையைக் கடந்து இந்தியாவை நோக்கி வந்தார். பனிக்குள் புதைந்துவிடாமலிருக்க ஒட்டகங்களின் காலடியில் கம்பளித் துணிகளை விரித்துக்கொண்டே போனார்கள் என்று எழுதுகிறார். எந்த வீரப் பயணியும் பெருமையாகச் சொல்லக்கூடிய செய்தி அது. ஆனால் அவர் அதோடு நிறுத்தவில்லை. அந்த மலைக்கு ஏன் அந்தப் பெயர் என்பதையும் பதிந்துவைத்தார். இந்தியாவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்ட சிறுவர் சிறுமியர் அதன் கடுங்குளிரிலும் பனியிலும் பெருந்தொகையில் மடிந்ததால் இந்தியரைக் கொல்லும் மலை என்று பெயராயிற்று என்பது அவர் தரும் விளக்கம். சொல்லாராய்ச்சி வல்லுநர்கள் அந்தப் பெயர்க் காரணத்தை ஏற்கலாம், மறுக்கலாம். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. தன் விருப்பத்தோடு அந்த மலையைக் கடந்த ஒருவர், விருப்பமின்றி அதே மலையில் இழுத்துச் செல்லப்பட்டவர்களைத் தன் பயணக் கதைக்குள் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார். அவர்களின் பெயர்கள் எவருக்கும் தெரியாது. ஆனால் அவர்கள் அந்தப் பாதையில் இருந்தார்கள் என்பதை நாம் அவர் எழுதியதால் அறிகிறோம்.

அதே இப்னு பதூதா 1344இல் இலங்கைக்கும் வந்தார். புத்தளம் என்று கருதப்படும் துறையில் இறங்கி, ஆரியச் சக்கரவர்த்தியின் உதவியோடு பாவாத மலைக்குப் போனார். அட்டைக் கடியையும் அதற்கு எலுமிச்சஞ்சாறு பிழிவதையும் அவர் எழுதியதைப் படித்தால் நேற்று மலையேறியவன் எழுதியது போலிருக்கும். உச்சிக்கு ஏறப் பாறையில் சங்கிலிகள் பொருத்தப்பட்டிருந்தன. கடைசிச் சங்கிலிக்குக் கலிமாவின் பெயர். அதில் தொங்கியபடி கீழே பார்க்கிறவன் விழுந்துவிடுவோமென்ற பயத்தில் கலிமாச் சொல்லத் தொடங்கிவிடுவானாம். தேடிப்போன அச்சத்தையும் அவர் மறைக்கவில்லை, இகழவும் இல்லை. ஆபத்தான உயரத்தில் மனிதனின் நாக்கு தன் மூலத்தைத் தேடுகிறது என்பதை ஒரு சங்கிலியின் பெயரில் சொல்லிவிட்டார். இரண்டு மலைகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஒன்றில் அவர் தன் உயிரை நினைக்கிறார், மற்றதில் பிறர் உயிரை.

இனி எங்கள் பையன்கள் போகும் பாதைக்கு வருவோம். பெரகலையிலிருந்து வெல்லவாய நோக்கி இறங்கும் வீதியில் கொஸ்லாந்தையைக் கடந்தால் தியலும நீர்வீழ்ச்சி வருகிறது. 220 மீற்றர் உயரத்திலிருந்து விழும் நீர் அது. மழைக்காலத்தில் அதன் அழகுக்கு ஈடில்லை. மோட்டார் சைக்கிள்களை வரிசையாக நிறுத்திப் படம் எடுக்காத குழு இல்லை. அதே கொஸ்லாந்தைப் பகுதியில்தான் மீரியபெத்தைத் தோட்டம் இருக்கிறது. 2014 ஒக்ரோபர் 29ஆம் திகதி காலை, பல நாட்கள் பெய்த மழையில் ஊறிப்போன மலைச்சரிவு உடைந்து இறங்கி, தோட்டத் தொழிலாளரின் லயங்களை மூடியது. பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடிருந்த இடம் சேறாக இருந்தது. அந்த இடம் ஆபத்தானது என்று அதற்குப் பல ஆண்டுகள் முன்பே எச்சரிக்கப்பட்டிருந்தது. போவதற்கு வேறு காணி அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

நீர் ஒன்றுதான். பாறைக்கு மேலால் விழுந்தால் அருவி, மண்ணுக்குள் இறங்கினால் மண்சரிவு. துகள்களுக்கிடையில் நிரம்பிய நீர் மண்ணின் பிடியைத் தளர்த்துகிறது. சரிவு தன் பாரத்தைத் தாங்க முடியாத கணத்தில் வழுகுகிறது. இதைப் பாடப்புத்தகத்திலிருந்து படிப்பிக்கலாம். அந்தச் சரிவின் கீழே ஏன் சிலர் மட்டும் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கிறார்கள் என்பது பாடப்புத்தகத்தில் இல்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தபோது நாடெங்கும் அறுநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மண்சரிவுகளில் புதையுண்டவர்களே அதில் பெரும்பகுதியினர். நம் பிள்ளைகள் மழையை ரசித்து ஓடிய அதே வளைவுகள் பல நாட்கள் துண்டிக்கப்பட்டுக் கிடந்தன. ஒருவனுக்குக் காட்சியாக இருக்கும் வானிலை மற்றவனுக்கு வீட்டுக் கூரைக்கு மேல் நிற்கும் மரணம்.

ஆபத்து மலைப்பாதையில் எல்லோருக்கும் பொதுவானது என்பதையும் மறக்கக்கூடாது. 2025 மே 11ஆம் திகதி அதிகாலையில் கொத்மலை கெரண்டி எல்லப் பகுதியில் ஒரு பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இதுவும் றம்பொடைப் பாதைதான். அந்தப் பஸ்ஸில் இருந்தவர்கள் சாகசம் தேடிப் போனவர்கள் அல்லர். மழையில் வளைவை வெட்டிக்கொண்டு வரும் மோட்டார் சைக்கிள்காரன் தன் உயிரை மட்டும் பணயம் வைப்பதாக நினைக்கிறான். எதிரே வரும் பஸ் சாரதி, கொழுந்துக்கூடையோடு வீதியோரம் நடக்கும் பெண், பாடசாலைப் பிள்ளை எல்லோரையும் அவர்களைக் கேட்காமலேயே பணயத்தில் சேர்த்துவிடுகிறான். வீட்டில் தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு விடிய விடிய விழித்திருக்கும் உம்மாவும் இதில் சேர்மதி. அவளுடைய அச்சம் தேடிப்போனதல்ல, அவன் அனுப்பிவைத்தது.

உயரமான மலைகளில் எல்லாம் இதே கதைதான். சென்னைத் திருவொற்றியூரில் 1955இலிருந்து உருவான றோயல் என்பீல்ட் மோட்டார் சைக்கிள்களில் லடாக் மலைகளுக்குப் போவது தமிழகத்து இளைஞர் பலரின் கனவு. கர்துங்லா கணவாய் 5,359 மீற்றர் உயரம். அங்கே காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஏறக்குறைய பாதிதான். எஞ்சினும் மூச்சுத் திணறும், மனிதனும் திணறுவான். மேலே நின்று படமெடுத்துக்கொள்ள ஒரு பலகை இருக்கிறது. பல காலம் அதில் உண்மை உயரத்தைவிட அதிகமான எண் எழுதப்பட்டிருந்தது. ஆண்டுதோறும் பனியை வெட்டி அந்தப் பாதையைத் திறந்துவிடுகிறவர்கள் ஜார்க்கண்ட், பீகார் போன்ற மாநிலங்களிலிருந்து நாட்கூலிக்கு வரும் தொழிலாளர்கள். படத்தில் பலகை விழுகிறது, அவர்கள் விழுவதில்லை. நம் நாட்டிலும் கொழும்பு – கண்டி வீதி 1820களில் கவர்னர் பார்ன்ஸ் காலத்தில் இராஜகாரிய முறையின் கீழ்க் கட்டாய உழைப்பால் வெட்டப்பட்டது. மலைப்பாதை எதுவும் தானாக முளைத்ததல்ல.

மோட்டார் சைக்கிள் பயணத்தால் உலகப் புகழ்பெற்ற இருவரை இங்கு நினைப்பது பொருத்தம். 1952இல் எர்னஸ்டோ குவேரா என்ற மருத்துவ மாணவரும் அவர் நண்பர் அல்பேர்ட்டோ கிரனாடோவும் ஒரு பழைய 500 சீசீ நோர்ட்டனில் ஆர்ஜென்டீனாவிலிருந்து புறப்பட்டு அந்தீஸ் மலைத்தொடரைக் கடந்தார்கள். விழுந்தார்கள், எழும்பினார்கள், கம்பியால் கட்டிக் கட்டி ஓட்டினார்கள். சிலியில் வண்டி முற்றாகக் கைவிட்டது. அதற்குப் பிறகு லொறிகளில் தொற்றியும் நடந்தும் போனார்கள். சுக்கிக்கமாட்டா செப்புச் சுரங்கத்துக்குப் போகும் வழியில், பாலைவனக் குளிரில் போர்வைகூட இல்லாமல் இருந்த ஒரு தொழிலாளத் தம்பதியரைச் சந்தித்துத் தமது போர்வை ஒன்றைக் கொடுத்தார்கள். பிற்காலத்தில் அவர் தெரிந்துகொண்ட அரசியலை ஏற்பதும் மறுப்பதும் வேறு விஷயம். வண்டி ஓடிக்கொண்டிருக்கும் வரை அவர்களுக்கு மலை கிடைத்தது. வண்டி நின்ற பிறகுதான் மனிதர்கள் கிடைத்தார்கள்.

இளைஞர்களை மலைக்குப் போகாதே என்று சொல்வதில் எனக்கு நம்பிக்கையில்லை. ஏ-9 வீதி 2002 ஏப்ரலில் திறக்கப்பட்டு 2006 ஓகஸ்டில் மறுபடியும் மூடப்பட்ட நாட்டில், விரும்பிய திசைக்கு விரும்பியபோது போகக்கூடிய ஒரு தலைமுறையைக் காண்பதே மகிழ்ச்சி. பயமற்று வாழச் சொல்வதும் என் வேலையல்ல. பயம் ஒரு நல்ல ஆசிரியர், அதன் பாடத்தை எங்கே கொண்டுபோய்ப் பயன்படுத்துகிறோம் என்பதே கேள்வி. றம்பொடை வளைவில் பின் ரயர் வழுக்கிய ஒரு கணத்தில் நெஞ்சு அடித்துக்கொண்டதே, அந்த அடிப்போடு மழை பெய்யும் ஒவ்வோர் இரவும் படுக்கப் போகும் குடும்பங்கள் அந்த வளைவுக்கு மேலேயும் கீழேயும் இருக்கின்றன. அந்தக் கணத்தைத் தன் வீரத்துக்குச் சாட்சியாக மட்டும் வைத்திருப்பவன் அதைச் செலவழித்துவிட்டான். அவர்களை விளங்கிக்கொள்ள ஒரு திறப்பாகப் பயன்படுத்துகிறவனுக்கு அது சம்பாத்தியம்.

எங்கள் வகுப்புகளில் மலையகத்திலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளைகள் இருக்கிறார்கள். பாட்டியிடம் எந்தத் தோட்டம், எந்த லயம் என்று கேட்டால் சிலருக்குப் பெயர் தெரியும், பலருக்குத் தெரியாது. அவர்களில் ஒருவன் வளர்ந்து மோட்டார் சைக்கிள் வாங்கிப் புசல்லாவை வழியாக மழைக்குள் ஏறுவான். தன் பாட்டனார் நடந்து ஏறிய, பாட்டி அழுதுகொண்டு இறங்கிய பாதையில்தான் தானும் போகிறான் என்பது தெரியாமலேயே ஏறிவிடவும் கூடும். ஆகவே மலைக்குப் புறப்படுகிறவர்களிடம் நான் இரண்டு விஷயம் மட்டும் சொல்கிறேன். பிறேக்கைப் பார்த்துக்கொண்டு போ. மேலே போனதும் எங்காவது ஓரிடத்தில் வண்டியை நிறுத்தி, எஞ்சினையும் அணைத்துவிட்டு, அங்கே குடியிருக்கிறவர்களிடம் இந்த இடத்துக்கு என்ன பெயர், போன மழைக்கு எங்கே இருந்தீர்கள் என்று கேட்டுக்கொண்டு வா.